லூப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையில் ஆணுறைப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் லூப் (லூப்ரிகண்ட்) என்ற வழுவழுப்பு ஜெல்லின் சின்னச் சின்னக் குப்பிகளும் டியூபுகளும் இருக்கும். அவற்றைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. கேட்கக் கூச்சம், நின்று படிக்கவும் கூச்சம். அதனால் வீட்டில் இருக்கும் எண்ணெயையோ வாசலினையோ எடுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்தப் பொறுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உடலுறவில் வலிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளிப்படையாகக் கேட்க முடியாத கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை இங்கே நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

லூப் என்பது என்ன? அது யாருக்குத் தேவை?

உடலுறவின்போது தோலும் தோலும் உராய்வதைக் குறைக்கும் வழுவழுப்பான திரவம் அல்லது ஜெல். மருந்து இல்லை, ஆசையைத் தூண்டுவதும் இல்லை, கருத்தடைச் சாதனமும் இல்லை. புதிதாகத் திருமணம் ஆனவர்கள், குழந்தை பெற்றுப் பால் கொடுப்பவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், நீண்ட நேரம் ஆணுறை பயன்படுத்துபவர்கள், ஆசனவாய் வழி உறவு கொள்பவர்கள் என்று யாருக்கு வேண்டுமானாலும் தேவைப்படலாம். ஒரு குறையும் இல்லாத, வசதிக்காக மட்டும் பயன்படுத்தும் தம்பதிகளும் நிறைய உண்டு.

ஈரம் வரவில்லை என்றால் என் மனைவிக்கு என்மேல் ஆசை இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. மனதில் இருக்கும் விருப்பமும் உடலில் சுரக்கும் ஈரமும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்திருந்தால் எவ்வளவு ஆசை இருந்தாலும் உறுப்பு வறண்டே இருக்கலாம். அலர்ஜி, சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் மூக்கை மட்டுமல்ல, மற்ற ஈரமான இடங்களையும் உலர்த்தும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும், மார்பகப் புற்றுநோய் சிகிச்சையும் வறட்சி தரும். தூக்கமின்மை, பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார்களே என்ற பயம், இதெல்லாமும் காரணம்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். அவருக்கு விருப்பமே இல்லாத நேரத்தில், அல்லது தயாராவதற்கு அவகாசமே தராத நேரத்தில், வறட்சியை ஜெல் தடவிச் சரிசெய்யக் கூடாது. அங்கே வேண்டியது நிறுத்துவதும் பேசுவதும். லூப் உராய்வை மட்டும்தான் குறைக்கும். சம்மதத்தின் இடத்தை அதால் நிரப்ப முடியாது.

கடையில் எத்தனை வகை இருக்கிறது? எதை வாங்குவது?

பெரும்பாலும் மூன்று வகை. தண்ணீர் அடிப்படையிலானது, சிலிகான் அடிப்படையிலானது, எண்ணெய் அடிப்படையிலானது.

தண்ணீர் ஜெல் எல்லா ஆணுறைகளோடும் ஒத்துப்போகும், கழுவினால் போய்விடும், துணியில் கறை பிடிக்காது. சீக்கிரம் உலர்ந்துவிடுவது அதன் குறை. உலர்ந்தால் மேலும் மேலும் ஜெல் பிதுக்க வேண்டியதில்லை, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டாலே மறுபடி வழுவழுப்பு வரும்.

சிலிகான் லூப் தோலுக்குள் போகாது, உலராது, கொஞ்சமே போதும். லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பரில் செய்த ஆணுறையைக் கெடுக்காது. உண்மையில் பெரும்பாலான ஆணுறைகளில் ஏற்கெனவே தடவி வருவதே சிலிகான் எண்ணெய்தான். தண்ணீர், கிளிசரின், பதப்படுத்தும் பொருள் எதுவும் பொதுவாக அதில் இல்லாததால் எளிதில் எரிச்சல் வருபவர்களுக்குப் பல நேரங்களில் இதுவே ஒத்துக்கொள்கிறது. விலை அதிகம், படுக்கை விரிப்பில் கறை விடும், குளியலறைத் தரையில் சிந்தினால் வழுக்கி விழ வைக்கும். சிலிகானால் செய்த உறவுச் சாதனங்களின் மேற்பரப்பையும் கெடுக்கலாம், அவற்றுக்குத் தண்ணீர் ஜெல்தான் சரி.

எண்ணெய் வகைக்குத் தனிக் கேள்வியே இருக்கிறது, கீழே வருகிறேன்.

முதல் தடவை வாங்குகிறவருக்கு என் யோசனை: வாசனை, சுவை, சூடு, குளிர்ச்சி எதுவும் சேர்க்காத சாதாரணத் தண்ணீர் ஜெல்லின் சின்ன டியூப் ஒன்று. நிறுவனத்தின் பெயரை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் நாலைந்து வகை விற்கிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ளே இருப்பதில் பெரிய வித்தியாசம். பெயரை நம்பி வாங்குவதைவிடக் குப்பியைத் திருப்பிப் படித்து வாங்குவது மேல்.

தேங்காய் எண்ணெய் போதாதா? இயற்கையானது, வீட்டிலேயே இருக்கிறது.

நம் ஊரில் அதிகம் வரும் கேள்வி இது. இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லேடெக்ஸ் ஆணுறை பயன்படுத்துகிறீர்கள் என்றால், கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பேபி ஆயில், வாசலின், நெய், உடம்புக்குத் தடவும் லோஷன் என்று எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் லேடெக்ஸைப் பலவீனப்படுத்தும். 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், மினரல் ஆயில் பட்ட 60 நொடிகளிலேயே லேடெக்ஸ் ஆணுறையின் வலு சுமார் 90 சதவீதம் குறைந்துபோனது தெரியவந்தது. பேபி ஆயில் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் மினரல் ஆயில்தான். கண்ணுக்கு ஆணுறையில் எந்த மாற்றமும் தெரியாது, உள்ளே கிழிந்த பிறகுதான் தெரியும். பாலிஐசோபிரீன் ஆணுறைக்கும் எண்ணெய் ஆகாது. பாலியூரித்தேன் ஆணுறையும், நைட்ரைல் ரப்பரில் செய்த பெண்ணுறையும் எண்ணெயைத் தாங்கும். ஆனால் நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை லேடெக்ஸ். அரசு வழங்கும் நிரோத்தும் லேடெக்ஸ்தான்.

ஆணுறை பயன்படுத்தாத, ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக இருக்கும் தம்பதி என்றால் கதை வேறு. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் சமையலுக்குப் பயன்படும் சுத்தமான எண்ணெயாக இருக்கட்டும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் வாசனையும் மூலிகைச் சாறும் கலந்திருக்கும், அது வேண்டாம். எண்ணெய் உள்ளே போனால் சீக்கிரம் வெளியேறாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருபவர்கள், அதாவது தயிர்த் திப்பிபோல வெள்ளைப்படுதலும் அரிப்பும் திரும்பத் திரும்ப வருபவர்கள், எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

வாசலின்?

வேண்டாம். ஆணுறையைக் கெடுப்பது ஒரு பக்கம். யோனிக்குள் பெட்ரோலியம் ஜெல்லி பயன்படுத்திய பெண்களுக்குப் பாக்டீரியா சமநிலை குலைந்து வரும் தொற்று அதிகமாகக் காணப்பட்டதாக அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பெண்களிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. உதட்டு வெடிப்புக்கு நல்லது என்பதால் உள்ளே வைக்கவும் நல்லது என்று ஆகிவிடாது.

எச்சில் போதும் என்கிறார் கணவர்.

அவசரத்துக்குப் பலரும் செய்வதுதான். ஆனால் எச்சில் உடனே உலரும், வழுவழுப்பும் குறைவு. உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் இருப்பவரின் எச்சில் வழியாக அந்தக் கிருமி பிறப்புறுப்புக்குப் போகலாம். குழந்தைக்கு முயல்பவர்களுக்கு இன்னொரு செய்தி: எச்சில் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும்.

தோட்டத்துச் சோற்றுக்கற்றாழையைச் சீவி எடுத்தால்?

உள்ளே இருக்கும் கண்ணாடிபோன்ற சோறு சாதுவானதுதான். ஆனால் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரக்கூடியது, எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவிய தண்ணீர், கத்தி, கை இவற்றில் உள்ள கிருமியும் சேரும். முகத்துக்குப் பூசும் கற்றாழை ஜெல் டப்பாவை எடுப்பது அதைவிட மோசம், அதில் நறுமணம், நிறம், சில சமயம் ஆல்கஹால்கூட இருக்கும். கற்றாழை வேண்டும் என்றால் உறவுக்கென்றே தயாரித்த லூப்பில் அது சேர்ந்திருப்பதை வாங்குங்கள்.

"ஆஸ்மோலாலிட்டி" என்று எங்கோ படித்தேன். அது என்ன, ஏன் முக்கியம்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒரு ஜெல் வழுக்குகிறதா என்பதைக் கை சொல்லிவிடும். உள்தோலுக்கு அது என்ன செய்கிறது என்பதைக் கை சொல்லாது.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அது தண்ணீர் விட்டுச் சுருங்கும், இல்லையா? வெளியே கரைசல் அடர்த்தியாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். யோனியின் உள்தோலிலும் ஆசனவாயின் உள்தோலிலும் நடப்பது இதேதான். கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் நிறையச் சேர்த்த ஜெல் செல்களில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சும். செல்கள் சுருங்கும், மேலடுக்கு உரிய ஆரம்பிக்கும். தடவிய நேரத்தில் நன்றாக வழுக்கும், அடுத்த நாள் எரிச்சலும் வறட்சியும் முன்பைவிட அதிகமாகும். "லூப் எனக்கு ஒத்துக்கவே இல்லை" என்று தூக்கிப்போட்டவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது லூப் அல்ல, அதிலிருந்த கிளிசரினின் அளவாகத்தான் இருக்கும்.

இந்த அடர்த்திதான் ஆஸ்மோலாலிட்டி. இதைக் கிலோவுக்கு இத்தனை மில்லி ஆஸ்மோல் என்று அளக்கிறார்கள். நம் இரத்தத்தில் இது 275 முதல் 295 வரை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆணுறையோடு கொடுக்கும் லூப்பில் இது 380-க்கு மேல் போகாமல் இருப்பது உத்தமம், இப்போதைக்கு 1200 வரை ஏற்கலாம் என்றது. 1200 என்று தளர்த்தியதற்குக் காரணம், அன்று சந்தையில் இருந்த பெயர்பெற்ற ஜெல்கள் பலவும் 380-ஐத் தாண்டியே இருந்தன. சில 2000-க்கும் மேல், சில 5000-க்கும் மேல்.

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் இதை ஓடில்லாத நத்தைகளை வைத்துச் சோதித்தார்கள். நத்தையின் உடம்பு முழுக்க ஈரமான சளித்தோல் என்பதால், எரிச்சல் ஏற்பட்டால் அதிகமாகச் சளி விடும். அடர்த்தி கூடிய ஜெல்லில் விட்ட நத்தைகள் அதிகச் சளி விட்டன. 2008-ல் இது வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே, அடர்த்தியான ஜெல் மனிதர்களின் பெருங்குடல் கடைசிப் பகுதியின் உள்தோலைச் சேதப்படுத்துவதை வேறொரு ஆய்வு காட்டியிருந்தது. உள்தோல் உரிந்தால் பால்வினை நோய்க் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும் என்பதுதான் கவலை.

சரி, அந்த எண் குப்பியில் போட்டிருக்குமா?

பெரும்பாலும் போட்டிருக்காது. சில நிறுவனங்கள் இணையதளத்தில் சொல்கின்றன, "ஐசோ ஆஸ்மோடிக்" (உடலின் திரவத்துக்கு இணையான அடர்த்தி) என்று அட்டையில் எழுதுபவையும் உண்டு. இல்லையென்றால் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். பொதுவாக எது அதிகமோ அது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்ததாகவே கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைகால் வந்தால், அதுவும் இரண்டும் சேர்ந்து வந்தால், அடர்த்தி அதிகம் என்று ஊகிக்கலாம். தண்ணீருக்கு அடுத்து ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் போன்ற செல்லுலோஸ் பெயர் வந்து, கிளிசரின் இல்லாமலோ பட்டியலின் கடைசியிலோ இருந்தால் நல்லது. சிலிகான் வகையில் டைமெத்திகோன், டைமெத்திகோனால் போன்ற பெயர்கள் இருக்கும். அதில் தண்ணீரே இல்லாததால் இந்த ஆஸ்மோலாலிட்டிக் கணக்கு பொருந்தாது.

அமிலத்தன்மை, பி.எச். எல்லாம் பார்க்க வேண்டுமா?

பார்த்தால் நல்லது. கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்ணின் யோனி இயல்பாகவே புளிப்பான சூழல், பி.எச். 3.8 முதல் 4.5 வரை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து இதைக் காப்பாற்றுகிறது. யோனிக்கான லூப் 4.5-ஐ ஒட்டி இருப்பது பொருத்தம். ஆசனவாய்க்கு அது ஆகாது, அங்கே பி.எச். 7-ஐ ஒட்டியது. 5.5 முதல் 7 வரை உள்ள லூப் அங்கே சரி.

பட்டியலில் எதைப் பார்த்தால் குப்பியைத் திரும்ப வைத்துவிட வேண்டும்?

முதலில் நோனாக்ஸினால்-9. இது விந்தணுவைக் கொல்லும் பொருள். ஒரு காலத்தில் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் என்று நம்பினார்கள். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் செய்த பெரிய சோதனையின் முடிவு 2002-ல் வந்தபோது, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று அபாயம் கூடத்தான் செய்தது என்று தெரிந்தது. உள்தோலை அது புண்ணாக்குவதே காரணம். நல்லது செய்யப் போய் அந்தப் பெண்களுக்குத் தீங்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆசனவாய் உறவுக்கு இது அறவே கூடாது.

அடுத்தது குளோர்ஹெக்ஸிடின். மருத்துவமனையில் கருவிகளுக்குத் தடவும் சில ஜெல்களில் இருக்கும் கிருமிநாசினி. நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொன்றுவிடும்.

சூடு தரும், குளிர்ச்சி தரும், சிலிர்ப்புத் தரும் என்று விற்பவை எல்லாவற்றையும் நான் விலக்கத்தான் சொல்வேன். மெந்தால், மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின், அளவுக்கு மீறிய கிளைகால், இவைதான் அந்த உணர்வுக்குக் காரணம். சுவை சேர்த்தவற்றில் சர்க்கரை இருந்தால் யோனிக்குள் போக வேண்டாம்.

பாராபென் புற்றுநோய் தரும் என்கிறார்களே?

பாராபென் ஒரு பதப்படுத்தும் பொருள். ஈஸ்ட்ரோஜன்போல மிகமிக லேசாக வேலை செய்யும் என்பதால் கேள்வி எழுந்தது. லூப்பில் இருக்கும் சிறிய அளவால் மனிதர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று நிரூபணம் இல்லை. ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் மனநிம்மதிக்காகத் தவிர்க்கலாம். மற்றவர்கள் கிளிசரினின் அளவைப் பற்றி முதலில் கவலைப்படுங்கள். பதப்படுத்தும் பொருளே இல்லாத தண்ணீர் ஜெல்லில் கிருமி வளரும் என்பதும் உண்மை.

வலிக்காமல் இருக்க மெடிக்கலில் ஒரு மரத்துப்போகும் ஜெல் கொடுத்தார்கள். போடலாமா?

அது லிடோகெய்ன் ஜெல்லாக இருக்கும், லிக்னோகெய்ன் என்றும் எழுதியிருப்பார்கள். சிறுநீர்க் குழாய் சொருகும்போது வலி தெரியாமல் இருக்கத் தடவுவது. அதை லூப்பாகப் பயன்படுத்தாதீர்கள். வலி என்பது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டால் கிழிந்தாலும் தெரியாது, மரத்துப்போன பிறகு வரும் காயம்தான் பெரிதாகிறது. துணைவருக்கும் மரத்துப்போகும். பென்சோகெய்ன் சேர்த்த ஜெல்லுக்கும் இதே பதில். ஏதாவது ஒரு நோய்க்காக மருத்துவர் குறிப்பிட்டு எழுதிக்கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில்.

ஆணுறையோடு எப்படிப் பயன்படுத்துவது? உள்ளே போடணுமா, வெளியேவா?

அணிந்த பிறகு வெளியே தாராளமாக. உள்ளே முனையில் ஒரு துளி போதும், அதிகமானால் ஆணுறை நழுவிவிடும். நீண்ட நேரம் ஆகும்போது நடுவில் ஒரு தடவை மறுபடி தடவுங்கள். காய்ந்த உராய்வில்தான் ஆணுறை அதிகம் கிழிகிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: பூஞ்சைத் தொற்றுக்கு யோனிக்குள் வைக்கும் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற கிரீம்களிலும் சில மாத்திரைகளிலும் எண்ணெய்ப்பசை இருக்கும். அந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களில் லேடெக்ஸ் ஆணுறையை நம்ப முடியாது.

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். லூப் தடையாகுமா?

சோதனைக்கூடத்தில் பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைத்திருக்கின்றன. அதற்காகப் பயந்து வறட்சியிலேயே உறவு கொண்டு, வலி காரணமாக உறவையே தவிர்க்கத் தொடங்கினால் அது பெரிய தடை. கருத்தரிப்புக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு, ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் அடிப்படையில் வரும் லூப்கள் விந்தணுவை அதிகம் பாதிப்பதில்லை, அவற்றைத் தேடுங்கள். கருமுட்டை வெளியாகும் நாட்களைக் குறித்துவைத்து "இன்றைக்குக் கட்டாயம்" என்று உறவு கொள்ளும் தம்பதிகளுக்கு அந்த நெருக்கடியாலேயே வறட்சி வரும். இது மிகச் சாதாரணம், யாருடைய தவறும் இல்லை.

வயது 48. மாதவிடாய் நின்றுவிட்டது. இனி என்ன லூப், என்ன உறவு என்று இருக்கிறேன்.

இந்தக் கேள்வியை எழுதியவருக்கு நான் சொல்ல விரும்புவது நிறைய. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டு வாழ்க்கை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனித் தோல் மெலிந்து, ஈரம் வற்றி, நீட்சி குறையும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இவையும் அதோடு சேர்ந்தே வரும். முகத்தில் திடீரென்று பரவும் சூடு காலப்போக்கில் தணியும், ஆனால் இந்த வறட்சி தானாகத் தணிவதில்லை, கவனிக்காவிட்டால் கூடத்தான் செய்யும்.

உறவு நேரத்துக்கு லூப். அன்றாட வறட்சிக்கு வேறொன்று இருக்கிறது, யோனி மாய்ஸ்சரைசர். வாரத்துக்கு 2, 3 முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைப்பது. நடக்கும்போதும் உட்காரும்போதும் உறுத்துகிறது என்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இரண்டும் போதவில்லை என்றால் யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மகப்பேறு மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அளவு மிகக் குறைவு, இரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரையும் கலந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். உறவே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் உரிமை. ஆனால் வலியால் அந்த முடிவுக்குத் தள்ளப்படக் கூடாது.

குழந்தை பிறந்து நாலு மாதம். பால் கொடுக்கிறேன். எரிகிறது.

பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தே இருக்கும், வறட்சி இயல்பு. சாதாரணத் தண்ணீர் ஜெல்லோ சிலிகானோ தாராளமாகப் பயன்படுத்தலாம், தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது. தையல் போட்ட இடத்தில் மட்டும் குத்துகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வறட்சியும் பூஞ்சைத் தொற்றும் இரண்டுமே அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இப்போது பரவலாக எழுதப்படுகின்றன. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்புக் கூடும், ஆண்களுக்கும்தான். அரிப்பு இருந்தால் லூப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் தொற்றைப் பரிசோதியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். லூப்பில் கிளிசரின் குறைவாக இருக்கட்டும்.

ஆசனவாய் வழி உறவுக்கு?

அங்கே தானாக ஈரம் சுரக்காது, தோலும் மெல்லியது. லூப் இல்லாமல் கூடாது என்றே சொல்வேன். சிலிகான், அல்லது கெட்டியான, ஆஸ்மோலாலிட்டி எண் குறைந்த தண்ணீர் ஜெல். ஆணுறை அவசியம், மரத்துப்போகும் ஜெல் கூடாது. ஆணோடு ஆண் உறவு கொள்பவர்களும் திருநங்கையரும் இதைக் கடையில் கேட்கப் பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச உதவி எண் 1097. பெயர் சொல்லாமலே பேசலாம், ஆணுறையும் பரிசோதனையும் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம்.

தடவியதும் எரிகிறது. என்ன செய்வது?

வெறும் தண்ணீரில் வெளிப்புறம் கழுவிவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். சோப்பு, ஆன்டிசெப்டிக் திரவம், வாசனை வாஷ் எதையும் உள்ளே விடாதீர்கள், அவையே வறட்சிக்கு ஒரு காரணம். ஓரிரு நாளில் அடங்கிவிட்டால் வேறு வகைக்கு மாறிப் பாருங்கள், தண்ணீர் ஜெல் எரிந்தால் சிலிகான். அடுத்த தடவை முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அலர்ஜி இருந்தால் பெரும்பாலும் அங்கேயே சிவக்கும். எந்த லூப் போட்டாலும் எரிகிறது என்றால் பிரச்சினை லூப்பில் இல்லை, தொற்றோ தோல் நோயோ இருக்கலாம்.

திருமணமாகி ஆறு மாதம். லூப் போட்டும் உள்ளே போகவே முடியவில்லை.

இதற்கு லூப் தீர்வல்ல. யோனியைச் சுற்றியுள்ள தசைகள் நம் விருப்பமின்றியே இறுகிக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு, வஜைனிஸ்மஸ் என்பார்கள். அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதல்ல. "ஒத்துழைக்கவில்லை" என்று குடும்பத்தார் பேசுவதும், வலுக்கட்டாயமாக முயல்வதும் அதை மோசமாக்கும். இடுப்புத் தசைப் பயிற்சி, படிப்படியாகப் பெரிதாகும் டைலேட்டர்கள் (யோனிக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான குச்சிகள்), மனநல ஆலோசனை மூன்றும் சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கிறது. டைலேட்டருக்கு லூப் நிச்சயம் வேண்டும்.

ஆழத்தில் வலி, மாதவிடாயில் தாங்க முடியாத வலி, உறவுக்குப் பின் இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாதவிடாய் நின்ற பிறகு எந்த இரத்தப்போக்கானாலும், இவற்றுக்கெல்லாம் லூப் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று புரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104 எண்ணில் கேட்கலாம்.

குப்பி திறந்த பிறகு எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதியையும், திறந்த பின் இத்தனை மாதம் என்ற குறிப்பையும் பாருங்கள். நிறமோ வாசனையோ மாறியிருந்தால் எறிந்துவிடுங்கள். வாய் அகன்ற டப்பாவில் விரல் விட்டு எடுப்பதைவிட டியூபும் பம்ப் குப்பியும் சுத்தம். வெயில் படும் இடத்தில், வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஆணுறையும் இருந்தால் அதுவும் சேர்ந்து கெடும்.

நாளை மறுநாள் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. இன்று பயன்படுத்தலாமா?

வேண்டாம். பரிசோதனைக்கு முந்தைய 2 நாட்கள் லூப், கிரீம், யோனிக்குள் வைக்கும் மாத்திரை எதுவும் இல்லாமல் இருங்கள், உறவும் வேண்டாம். மாதிரியில் ஜெல் கலந்தால் செல்கள் சரியாகத் தெரியாது. கணவருக்கு விந்துப் பரிசோதனை இருந்தால் மாதிரி எடுக்கும்போதும் லூப், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது. அதில் தெரியும் குறைந்த விந்தணு ஓட்டம் ஜெல்லால் வந்ததா, உண்மையிலேயே குறைவா என்று பிரித்தறிய முடியாமல் மறுபடி மாதிரி கொடுக்க வேண்டியிருக்கும்.